மருந்துக்குப் போகாதே

என் அக்காளின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர் கைதட்டாத குறைதான். எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் உதவியாளராக இருந்தேன். எங்களுக்கு வேண்டியது இயோசினோஃபில் என்ற வெள்ளையணு. சாயம் போட்டால் உள்ளே செக்கச்செவேலென்று மணி மணியாகத் தெரியும். சாதாரண ஆளிடம் அது கொஞ்சம்தான் இருக்கும். வயிற்றில் பூச்சி உள்ளவர்களிடமும் இழுப்பு உள்ளவர்களிடமும் நிறைய இருக்கும். கோலசிலாங்கூர் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த அக்காளுக்குப் பூச்சியும் இருந்தது, இருமலும் இழுப்பும் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அவள் வீட்டு வாசலில் அவளை உட்காரவைத்து இரத்தம் எடுத்தேன். மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய், அன்றைக்கே அடர்த்தியான கரைசலின் மேல் ஊற்றிச் சுழலவிட்டு, அணுக்களைப் பிரித்தேன். பிறகு ஒரு சின்னக் கிண்ணம், நடுவில் நுண்துளைத் தாள். மேலே அணுக்கள், கீழே அவற்றைக் கூப்பிடும் பொருள். கீமோகைன் என்ற பெயரெல்லாம் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. நாங்கள் ‘இழுக்கிற சாமான்’ என்றுதான் சொல்வோம். எந்தச் சாமானுக்கு அணுக்கள் தாளைத் துளைத்து இறங்குகின்றன, எதற்குச் சும்மா கிடக்கின்றன என்று எண்ணுவது என் வேலை.

அக்காளின் அணுக்கள் படை படையாக இறங்கின. டாக்டர், “இன்னொரு தடவை இதே மாதிரி வந்தால் உன்னை ஆராய்ச்சி மாணவியாகச் சேர்க்க எழுதிக் கொடுக்கிறேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து, தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர் எல்லாருக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கப்போவதாகத் தெரிந்தது. மாத்திரை உள்ளே போனால் அணுக்களும் குறைந்துவிடுமே என்று பதறி ஓடினேன்.

“அக்கா, ஒரு மாசத்துக்கு நீ மருந்துக்குப் போகாத. நான் வந்து ரத்தம் எடுத்தப்புறம் போ.”

“ஏன் பாப்பா?”

“சொன்னா கேளு லா. படிச்சவ சொல்றேன்.”

அவள் என் கன்னத்தைத் தடவி, சரி என்றாள். அந்தத் தடவல் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எடுத்த இரத்தத்தில் தேடத் தேட ஒன்றிரண்டுதான் தென்பட்டன. கரைசல் கெட்டுவிட்டதா, வேகம் தப்பிவிட்டதா, குழாய் மாறிவிட்டதா? எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது திட்டுவதைவிட மோசம்.

அடுத்த ஞாயிறு, கொண்டுபோன பையைக்கூட இறக்காமல் அக்காளிடம் பாய்ந்தேன்.

“மாத்திரை சாப்பிட்டியா?”

“ஆமா. டிரெஸர் கொடுத்தாரு, முழுங்கினேன்.”

“மருந்துக்குப் போகாதன்னு சொன்னேனா இல்லையா?”

“போகலையே! வேல பிரிக்கிற மண்டோர்கிட்ட சண்டை போட்டுல்ல பழம் பொறுக்கப் போறேன்! என் தங்கச்சி சொல்லிட்டா, இனிமே பம்பத் தூக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இருமலும் நின்னுருச்சு பாரு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் ‘மருந்துக்குப் போவது’ என்றால் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு புல்லைக் கொல்ல மருந்தடிக்கப் போவது. அந்த லயத்திலேயே பிறந்த நான், நாலு வருடப் பட்டணத்தில் அதை மறந்து தொலைத்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. இருமல் நின்றது மாத்திரையாலா, மருந்தடிக்காததாலா? இரண்டும் ஒரே மாதத்தில் நடந்துவிட்டதே. எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

நான் சொல்ல வந்தது வேறு என்பதை அவளிடம் மறைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“நான் அதச் சொல்லலக்கா. டிரெஸர்கிட்ட மாத்திரை வாங்காதன்னு சொன்னேன்.”

அக்காள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“பூச்சி வயித்துலயே இருக்கட்டும்னா?”

“ஒரு மாசந்தான்…”

“நான் லயம் பூராச் சொல்லிட்டேன் பாப்பா. என் நெஞ்சு கெட்டுப்போவுதுன்னு தங்கச்சிக்குக் கவலைன்னு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, எழுந்து ஓடவும் தோன்றியது. அவள் என் பையைப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டி, கையை என் முன்னால் நீட்டினாள்.

“இவ்ளோ தூரம் வந்துட்ட. மிச்சம் மீதி இருந்தா எடுத்துக்கிட்டுப் போ.”

வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையைத் திறந்து ஊசியை எடுத்தேன்.