பின்சீட்டில் இருந்த பாரம்

தளவாய்புரத்தில் என் மனைவி நைட்டி தைக்கிறாள். நான் ராஜபாளையம் மில்லுக்கு பைக்கில் போய் வருகிறேன். சில மாதங்களுக்கு முன்பு தனியாக வரும்போதெல்லாம், வேகத்தடை ஏறி இறங்கினால் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல வண்டி அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் சீட் காலி. விஷயத்தைச் சொன்னதும் மனைவி ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டினாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வாரமாகியும் அது போகவில்லை. ஆள் ஏறினால் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று வீட்டிலேயே அளக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். ஞாயிறு மதியம் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கர அச்சிலிருந்து சீட்டின் அடிவரை அவளுடைய தையல் டேப்பால் அளந்தோம். இருபது இஞ்ச். ஸ்டாண்டை எடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். ஓர் இஞ்ச் குறையலாம் என்றது வீடியோ. மூன்று குறைந்திருந்தது.

"ஏங்க, நீங்க மட்டுந்தான உக்காந்திருக்கீக?" என்றாள் மெதுவாக.

பின்சீட்டில் துணி மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னேன். அளவு மாறவே இல்லை. வண்டி ஏற்கெனவே அடிவரை அமுங்கியிருந்தது; இனி இறங்க இடமே இல்லை.

மறுநாள் மெக்கானிக் பின்சக்கர ஷாக் அப்சார்பரின் கவரைக் கழற்றினார். "ஒரு பக்கம் ஸ்பிரிங் ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு அண்ணாச்சி. மறுபக்கமும் படுத்துருச்சு. இன்னொரு பள்ளத்துல விட்டிருந்தா அம்புட்டுதான்."

அந்த இரண்டு வாரமும் என் மகளை அந்த சீட்டில் வைத்துத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன்.

புது ஸ்பிரிங் போட்டபின், இப்போது மாதம் ஒருமுறை அளக்கிறோம். அதிகம் இறங்கினால் ஸ்பிரிங்கை ஒரு கட்டம் இறுக்குகிறேன். ஆனாலும், மனைவி டேப்பைப் பார்த்து எண்ணைச் சொல்லும்வரை நான் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.