அப்பா நகர்த்திவிட்டுப் போன பிடிகள்

அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகும் லிங்கநகர் வீட்டில் அவருடைய கைகள் ஒரு மாதம் வரை இருந்தன. இப்படிச் சொன்னால் பேய்க்கதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது, வீட்டில் ஒரே பிள்ளை. எனக்கு அது அப்படித்தான் இருந்தது.

வீட்டின் முன்னறையை அப்பா ஒலிப்பதிவு அறையாக்கி வைத்திருந்தார். கோயில் பாட்டு, கடை விளம்பரம், கலியாண வீட்டுக்கு வாழ்த்துப் பாட்டு எல்லாம் அங்கேதான் பதிவாகும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் ஊதி முடியும் வரைக்கும் பாடகர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு டிஜிட்டல் மிக்ஸர் இருந்தது. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தது. அதில் வரிசையாகப் பதினாறு பிடிகள். ஒவ்வொரு பிடியும் ஒரு குரலுக்கோ வாத்தியத்துக்கோ உரியது. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். பாட்டு ஓடும்போது அப்பா எந்தப் பிடியை எந்த இடத்தில் எவ்வளவு நகர்த்தினார் என்பதை மிக்ஸர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். மறுபடி அந்தப் பாட்டைப் போட்டால், பிடிகள் தாங்களாகவே அதேபோல ஏறி இறங்கும். ஒட்டோமேஷன் என்று அப்பா சொல்லுவார். ஆளில்லாமல் அவை அசைவதைப் பார்த்தால் அம்மாவுக்கு உடம்பு கூசும். கும்பிட்டுவிட்டு அப்பால் போய்விடுவா.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வந்தால் ஐந்து மணி வரைக்கும் வீட்டில் நான் மட்டும்தான். கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து திறப்பை எடுத்து, முன்னறைப் பூட்டைத் திறந்து உள்ளே போய்விடுவேன். மிக்ஸரைப் போடவும் பாட்டை ஓடவிடவும் அப்பா சொல்லித் தந்திருந்தார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமைகளில் அப்பா கட்டாரிலிருந்து போன் எடுப்பார். அம்மா கதைத்து, சித்தப்பா கதைத்து, என் கைக்கு வரும்போது லைன் விட்டுவிட்டுத்தான் வரும்.

"சாப்பிட்டனீங்களோ மகள்?"

"ஓம்."

"படிக்கிறனீங்களோ?"

"ஓம்."

அவ்வளவுதான். இந்த அப்பாவைவிட அறைக்குள் இருந்த அப்பா எவ்வளவோ மேல். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் பிடி மெல்லக் கீழே வரும், அடுத்த வரி தொடங்குமுன் மேலே போகும். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டிருப்பேன். விரலையும் தள்ளிக்கொண்டு போகும். அங்கே அப்பா இல்லை என்று தெரியாத அளவுக்கு நான் மடைச்சி இல்லை. ஆனாலும் தள்ளுகிறவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அதை ஒரு விளையாட்டாக்கினேன். பிடியை இறுக்கிப் பிடித்தால் அது நின்றுவிடும், அடியில் மோட்டார் உறுமும். விட்டவுடன் துள்ளிக்கொண்டு அப்பா வைத்த இடத்துக்கே போகும். எத்தனை தரம் மறித்தாலும் திரும்பிப் போனது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்பா கடைசியாகக் கைவைத்தது சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கான பாட்டில். அதைச் செய்துகொண்டிருந்தபோதே விமான நிலையத்துக்குப் போகும் வான் வாசலில் ஹோர்ன் அடித்தது. பதிவு நிலையை நிறுத்தாமல் எழுந்து போய்விட்டார். அதனால் அந்தப் பாட்டுக்கு மட்டும் பிடிகளுக்கு மேலே சிவப்பு விளக்குகள் எரிந்தன. வடிவாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அந்த நிலையில் யார் பிடித்தாலும் மிக்ஸர் பழையதை மறந்து புதியதைப் பதிந்துகொள்ளும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த மாதக் கடைசியில் பத்து நாள் அதே பாட்டைப் போட்டு, அதே பிடிகளோடு மல்லுக்கு நின்றேன்.

ஒரு சனிக்கிழமை, கோயில்காரருக்குப் பாட்டைக் கொடுப்பதற்காகச் சித்தப்பா அதைப் போட்டுப் பார்த்தார். அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். அப்பா இல்லாதபோது அறை அவர் பொறுப்பு. பாட்டு பாதியில் மங்கியது. குழல் மட்டும் கத்தியது.

"இதென்ன, கிணத்துக்குள்ள நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு. ஆர் இதில கை வைச்சது?"

சொன்னேன். அவர் ஏசவில்லை. சிவப்பு விளக்கைக் காட்டி விளங்கப்படுத்தினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ பிடிச்ச இடமெல்லாம் அண்ணை செய்தது அழிஞ்சுபோச்சு பிள்ளை. இனி எடுக்க ஏலாது."

நான் குளறி அழுதேன். சித்தப்பா நான் அம்மனுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து விபூதி பூசிவிட்டார். எனக்குக் கோயிலும் தெரியவில்லை, அம்மனும் தெரியவில்லை. அப்பாவின் கையை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

சித்தப்பா அப்பாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அப்பா முழுப் பாட்டையும் போனிலேயே கேட்டார். முடிந்ததும் சொன்னார்.

"அதை அப்பிடியே எனக்கு அனுப்பு. பிறகு நான் சொல்லச் சொல்ல நீ புதுசாச் செய்."

"பழுதாப்போன பாட்டு உங்களுக்கு என்னத்துக்கு அண்ணை?"

"அனுப்பன்."

சித்தப்பா செய்து முடித்தார். கோயில்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒருநாள் அதை ஓடவிட்டுப் பிடிமேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஓட்டோவுக்குப் பிரேக் பிடிப்பதுபோல பிடி வெட்டி வெட்டி நகர்ந்தது. விரலை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போகவில்லை. குசினியில் அடுப்புப் பக்கமாகத் தனியாக இருந்து வீட்டுப்பாடம் செய்தேன். பின்னேரங்கள் முடியவே மாட்டேனென்றன.

பழுதான பாட்டை அப்பா ஏன் கேட்டார் என்பதற்கு நானே ஒரு விடை கண்டுபிடித்தேன்: அது சாட்சி. வந்ததும் போட்டுக் காட்டி அடிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டனீங்களோ என்றுகூடக் கேட்காமல் அவர் தொடங்கினார்.

"மகள், ரெண்டாவது சரணத்தில குழலை ஏன் அவ்வளவு நேரம் பிடிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

விசாரணை வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அந்த இடத்தில்தான் பிடி மிகவும் பலமாகத் தள்ளும். விட மனம் வராது. அதைச் சொல்ல எனக்குப் பயம்.

"தெரியாதப்பா. சும்மா கை பட்டிட்டுது."



"சரி மகள்," என்றார். லைன் வெட்டிவிட்டது.

கட்டாரில் அவரோடு ஒரே அறையில் இருந்த பக்கத்து ஊர்க் கிண்ணியாக்காரர் ஒருவர் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தபோது சொன்னார், வேலை முடிந்து வந்தால் அப்பா காதில் மாட்டிக்கொண்டு கேட்பது அந்த ஒரு பாட்டைத்தானாம். எந்தெந்த இடத்தில் என் விரல் இருந்தது என்று கைவிரலால் கட்டில் சட்டத்தில் வைத்து வைத்துப் பார்ப்பாராம். போன் வந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அடி தப்பியது என்ற சந்தோஷத்தில் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, விளையாட ஓடிவிட்டேன்.