புகார்ப் பிரிவுக்காரரின் தலைவலி

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்தவர் அவர். குழாய் உடைந்தது, தண்ணீரில் நாற்றம் என்று ஊரே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தும். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொள்வார். மூன்றாம் நாள் போன் போட்டு, "இப்ப பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" என்பார். அவர் கேட்கிற தோரணையிலேயே பாதிப் பேர் பயந்துபோய் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். உடனே 'தீர்ந்தது' என்று ஒரு முத்திரை. கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது!

அப்பேர்ப்பட்டவரின் மூளைக்குள் பட்டாணி அளவில் ஒரு புற்றுக்கட்டி. கத்தி வைக்கவில்லை. முகத்துக்கு அச்செடுத்த வலைமூடியை மாட்டி, தலையை அசையவிடாமல் மேஜையோடு பூட்டி, கட்டியை மட்டும் குறிபார்த்துக் கதிர் பாய்ச்சினார்கள். சாயங்காலமே வீடு திரும்பிவிட்டார். "இவ்வளவுதானா? பல்லு பிடுங்கறதே இதைவிடக் கஷ்டம்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "கதிர் பட்ட இடம் கொஞ்ச நாள் வீங்கலாம் சார். அதுக்குத்தான் இந்த மாத்திரை. நீங்களா நிறுத்திடாதீங்க. தலைவலி, வாந்தி வந்தா உடனே போன் பண்ணுங்க."

மாத்திரை வீக்கத்தை என்ன செய்ததோ, பசியைக் கிளப்பிவிட்டது. நின்றபடியே ஒரு முழு ரொட்டியைத் தீர்த்தார். கோபம் வேறு மூக்குக்கு மேல். செருப்பு கோணலாகக் கிடந்ததற்கு மனைவிமேல் பாய்ந்தார். இந்த லட்சணத்தில் ஆபீஸுக்குப் போவது எப்படி? போகாவிட்டால் நாற்காலியில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களே! நான்காம் நாள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார்.

ஆறாம் நாள் காலையில் தலை பிளந்தது. இரண்டு தடவை வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போதே போன் அடித்தது. நர்ஸம்மாதான்.

"பிரச்சினை ஒண்ணும் இல்லையே சார்?"

"ஒண்ணும் இல்லைம்மா. ஜம்முனு இருக்கேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி போனைப் பிடுங்கினாள்.

"அவர் சொன்னதை அடிச்சுடுங்கம்மா, நான் சொல்றதை எழுதுங்க. ரெண்டு தடவை வாந்தி. மாத்திரைப் பட்டையில ரெண்டு நாளா ஒண்ணும் குறையல. நேரா நிக்கக்கூட முடியல மனுஷனுக்கு."

"உடனே கூட்டிட்டு வாங்க."

"ஊரைக் கூட்டாதே" என்று முறைத்தார்.

"கூட்டத்தான் போறேன். சட்டையைப் போடுங்க."

ஸ்கேனில் கட்டியைச் சுற்றி நல்ல வீக்கம். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வலிப்பே வந்திருக்கலாம்" என்று டாக்டர் சத்தம் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து ஊசி போடச் சொன்னார். மறுநாள் தலைவலி பாதியாகியிருந்தது. நர்ஸம்மா அச்சடித்த தாளோடு வந்தாள். தலைவலி, வாந்தி, அசதி, தலைசுற்றல் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னார். டிக் மேல் டிக் விழுந்தது.

"வேற ஏதாவது இருக்கா சார்?"

போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "பயமா இருக்கும்மா" என்றார். "முதல் நாள்லேருந்தே."

நர்ஸம்மா தாளை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே சார்."

மனைவி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொல்லுங்க."