பார்க்க வந்தவர்கள் கொடுத்த மாத்திரை

சாந்தம்மாளைத் திமிர் பிடித்தவள் என்று எங்கள் ஊரில் பேசுகிறார்கள். படுத்திருக்கிறவனைப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, கையை விரி, மடியை அவிழ் என்கிறாளாம். அவள் ஏன் அப்படி ஆனாள் என்பது பேசுகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சந்திரன். மலைமேல் இருக்கிற எங்கள் ஊருக்கும் கீழே போளூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். ஆள் ஏற்றுவது பாதி வேலை, ஊருக்கெல்லாம் மருந்து வாங்கி வருவது மீதி வேலை. காலி மாத்திரை அட்டையை நீட்டி, இதே மாதிரி நாலு என்பார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் நறுக்கித் தருவார். மருந்தின் பெயர் இருக்கிற துண்டு ஒரு வீட்டுக்குப் போகும், தேதி இருக்கிற துண்டு இன்னொரு வீட்டுக்குப் போகும். எதுவுமே இல்லாத துண்டுதான் நிறைய வீடுகளுக்குப் போகும். நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் வாங்கி வந்தவன்தான்.

சாந்தம்மாளுக்குக் கோபம் புதிதில்லை. ஒருமுறை புளி வாங்க வந்த வியாபாரி தராசில் விரல் வைத்தான். எடை போட்ட மூட்டையை அவிழ்த்து அவன் காலடியிலேயே கொட்டினாள். "மழையில நனைஞ்சு வீணாப் போவட்டும். உனக்குக் கெடையாது" என்றாள். இரண்டு ஏக்கர் சாமைக் காடு, ஏழு புளியமரம், மரம் ஏறி உலுக்க ஒரு புருஷன் குப்பன். அவளுடைய சொத்து அவ்வளவுதான்.

போன வருஷம் மாசி மாதம் கிளை முறிந்து குப்பன் விழுந்தான். முதுகெலும்பில் அடி. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, பதினைந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் சாந்தம்மாளை உட்கார வைத்துச் சொன்னார். இந்த வலி மாத்திரை பலமானது, ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இதோடு வேறு வலி மாத்திரையோ காய்ச்சல் மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாராயமோ கூடவே கூடாது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரியும். அட்டையைத் தன் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். வேளைக்கு ஒன்று, அவள் கையால். குப்பன் கெஞ்சினாலும் இரண்டாவது கிடைக்காது.

இங்கேதான் எங்கள் ஊரின் பாசம் வந்து நின்றது. படுத்தவனைப் பார்க்க நாங்கள் வெறுங்கையோடு போக மாட்டோம். கீழே ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறார்கள். நாங்கள் வீட்டில் மீந்த மாத்திரையை எடுத்துப் போகிறோம். எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும், போடு என்கிறோம். இப்படி ஒரு பாசத்தை விளக்குமாற்றால் அடித்தாலும் தகும்.

அன்று வெள்ளிக்கிழமை. சாந்தம்மாள் புளி உடைக்கப் போயிருந்தாள். மூன்று மணிக்குத் திரும்பியபோது குப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அது அவன் குறட்டை இல்லை என்று அவளுக்குப் பட்டது. உலுக்கினாள், விழிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்தது.

என் ஜீப்பில்தான் ஏற்றினோம். குப்பனின் அண்ணன் கோபாலும் கூட வந்தார். பின்சீட்டில் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வளைவுக்கு வளைவு சாந்தம்மாள் அவன் காதைத் திருகிக்கொண்டே வந்தாள். "மூச்சு வுடு. வுடுயா. தூங்காத" என்று அடிவாரம் வரைக்கும் அதையே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் அவன் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருவிழிக்குள் கடுகளவு புள்ளி. "என்னம்மா குடுத்தீங்க?" என்றார்.

சாந்தம்மாள் அட்டையை எடுத்துக் காட்டினாள். கணக்கு சரியாக இருந்தது. "வேற என்னவோ உள்ள போயிருக்கு. எதுன்னு, எத்தனைன்னு தெரிஞ்சாகணும்" என்றார் டாக்டர். குப்பனின் பாய்க்கு அடியில் கிடந்ததைப் புறப்படும்போதே எடுத்து வந்திருந்தாள்; அந்த இரண்டு காலி துண்டுகளை நீட்டினாள். இரண்டிலும் பெயர் இல்லை.

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு வந்தீங்க வூட்டுக்கு? இன்னா குட்த்தீங்க?"

கோபால் மின்விசிறியைப் பார்த்தார். நான் கோபாலைப் பார்த்தேன்.

"கேக்கறனே, வாயில கொழுக்கட்டையா வச்சினுகீறீங்க?"

காலையில் அந்த வழியாகப் போனவன் நான். வலி தாங்கவில்லை என்று குப்பன் அழுதான். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து முதுகு போனதற்கு நான் போடுகிற மாத்திரை நாலு, கையில் திணித்துவிட்டு வந்தேன். போலீஸ் வருமா, ஜீப் போகுமா என்று என் புத்தி அங்கே அலைந்தது. எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. நாலு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனிதன் மூச்சுக்கு அல்லாடிய நாலு நிமிடம். எழுதும்போதும் என்னைக் கண்டால் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு சொன்னேன். ஜீப்பிலிருந்து பெயர் இருக்கிற மீதித் துண்டையும் ஓடி எடுத்து வந்தேன். டாக்டர் படித்தார். டிரமடால். குப்பனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் சேர்ந்திருக்கிற இரண்டில் ஒன்று, அதே மருந்து. கம்பெனி வேறு, நிறம் வேறு, அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் கோபாலுக்கு வாய் வந்தது. "தூங்கட்டும்னு ரெண்டு தூக்க மாத்திரை குட்த்தேன்" என்றார்.

ஊசி போட்டார்கள், முகமூடி வைத்துக் காற்றடித்தார்கள். குப்பன் பிழைத்தான். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டான்.

அன்று வராந்தாவில் சாந்தம்மாள் என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். கோபால் மூத்தவர், அவரை அடிக்க முடியாது. அவருக்கு உரியதையும் சேர்த்து எனக்கே கொடுத்தாள். "குட்த்ததுக்கு அடிக்கல. தெரியாம குட்த்த. கேட்டப்போ கம்முனு நின்னியே, அதுக்குடா" என்றாள்.

அன்றிலிருந்துதான் அவள் வீட்டு வாசலில் இந்தச் சோதனை. அதற்குத்தான் ஊர் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறது. நான் நறுக்கின அட்டையை வாங்குவதில்லை. கடையில் சண்டை போட்டு, பெயர் எழுதின கவரோடுதான் வாங்குகிறேன்.

போன ஆடியில் என் முதுகு பிடித்துக்கொண்டு நான் படுத்தேன். பார்க்க ஏழு பேர் வந்தார்கள். அத்தனை பட்ட பிறகும் கோபால் மடியை அவிழ்த்தார். வேண்டாம் என்று சொல்ல வந்தது, வலி சொல்ல விடவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சாந்தம்மாள் வந்தாள். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"ஒண்ணும் எடுத்துனு வரல சந்திரா. தலகாணிக்கு அடியில இன்னா கீது?"

இந்த முறை எனக்கு நாலு நிமிடம் ஆகவில்லை. எடுத்து அவள் வெறுங்கையில் வைத்தேன்.