தாழ்ப்பாள் இல்லாத அறை

மரக்காணத்தில் சென்னைப் பேருந்து ஏறிய அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உப்பளத்து வேலையில் உள்ளங்கைகள் வெடித்திருந்தன. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகிறாராம். அங்கே தங்கப்போகும் அறை என்று ஏஜென்ட் அனுப்பிய படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதா, பாருங்க சார்."

கைப்பிடி மட்டும்தான் இருந்தது. சொன்னேன்.

உடனே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார்.

"வீட்டுக்காரங்களே வெளியிலேர்ந்து பூட்டிப்பாங்கம்மா. நீ பயப்படாதே," என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

அவர் போனை வைத்துவிட்டார். "பாஸ்போர்ட்டு அவன்கிட்ட இருக்குது சார்," என்றார். திடீரென்று எழுந்து, "நிறுத்துங்கண்ணே, எறங்கிடறேன்," என்று கண்டக்டரிடம் கத்தினார்.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையோரம் நின்றார். போன் அடித்தது. அதை எடுத்தாரா, எனக்குத் தெரியாது. பேருந்து கிளம்பிவிட்டது.