நல்ல ஜோடி வீல்

சலவைக்கூடத்தில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு ஒல்லி. பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், நீராவிக்கு நடுவே, படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருப்பது அவள் வேலை. யாராவது "ஊசி!" என்று கத்தினால், வழி தவறிக் கீழே வந்த நோயாளிகள் பதறிப்போவார்கள்.

அவளைச் சைக்கிள் பந்தயத்துக்கு இழுத்துவந்தது அண்ணி, அதாவது அவள் கணவனின் அக்கா. கல்யாணமான புதிதில் பேச்சுத்துணை இல்லாமல் திண்டாடியவளை, "வாடி, என்கூட ஓட்டு" என்று கூட்டிப்போனாள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பிப்பதுவரை எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கூடப் பிறந்தவளிடம்கூட ஊசி அவ்வளவு ஒட்டியதில்லை.

ஊரின் பெரிய பந்தயத்தில் வருடாவருடம் அண்ணிதான் முதல். இந்த வருடம் பயிற்சியின்போது மேடேறுகையில் ஊசி அவளை முந்திவிட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினாள்.

இருவருக்கும் பொதுவாக இரண்டு ஜோடி வீல்கள் இருந்தன. ஒன்றின் ரிம் இரண்டு விரல் உயரம்; எங்கேயும் ஓடும், ஆனால் வேகம் சுமார். மற்றது நான்கு விரல் உயரம். நேர்ச்சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கும். பக்கவாட்டில் காற்றடித்தால் மட்டும் பாய்மரம்போல் வாங்கிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடும். பந்தயத்தின் கடைசிப் பகுதியோ, கழிமுகத்தின் மேல் போகும் நீளப் பாலம்.

"பாலத்துல காத்தடிச்சா என்ன அண்ணி பண்றது?"

"அடிக்காதுடி. நான் பாத்துட்டேன், நாளைக்கு இலைகூட அசையாது. நல்ல ஜோடிய நீயே எடுத்துக்கோ. இந்தத் தடவை நீ ஜெயிக்கணும்."

ஊசிக்குக் கண் கலங்கிவிட்டது. உயர ரிம் வீல்களைக் கணவன்தான் மாட்டிக் கொடுத்தான். மாட்டி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் பாலம்வரை முதல் வரிசையில் பறந்தாள். பாலத்தில் ஏறியதும் பக்கத்திலிருந்து காற்று அறைந்தது. முன்வீல் கையை மீறித் திரும்பியது. கைப்பிடிச் சுவரில் முழங்கை உரச, பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள். எல்லோரும் கடந்து போனார்கள். அண்ணியும் போனாள், குனிந்த தலை நிமிராமல்.

இந்த வருடமும் அண்ணிதான் முதல். கடைசியில் வந்து சேர்ந்த ஊசியின் கைக்குக் கட்டுப்போட்டது சைக்கிள் கடை மெக்கானிக்.

"உங்க எடைக்கு இந்த ரிம்ம ஏம்மா போட்டீங்க? நேத்து உங்க அண்ணி வந்து, 'பாலத்துல பக்கக்காத்து பலமா இருக்குமாம், குட்டை ரிம்முக்குப் புது டயர் போட்டுக் குடுங்க'ன்னாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று நினைக்கத்தான் ஊசி விரும்பினாள். வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அக்காவுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஓட்ட முடியும்? இந்த ஒரு தடவையும் அவளே ஜெயிச்சுட்டுப் போகட்டுமேன்னு... நீ இப்படி அடிபடுவேன்னு நினைக்கல."

"உங்க கையாலதானே மாட்டினீங்க?"



மாலையில் அண்ணி வந்தாள். "கோவமாடி?"

"மேட்டுல முந்தினதுக்கா இப்படிப் பண்ணீங்க அண்ணி?"

அண்ணி மறுக்கவில்லை. "எல்லாம் நான் கத்துக் குடுத்தது. அதை வச்சே என்னை முந்தினா எனக்கு எப்படி இருக்கும்?"

"விட்டுக்குடுன்னு வாய்விட்டுக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"அப்படி ஜெயிச்சு என்ன பண்றது?" என்றாள் அண்ணி. சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் முகம் மாறி, எழுந்து போய்விட்டாள்.

ஊசி ஓட்டுவதை நிறுத்தவில்லை. அண்ணியோடு போவதை நிறுத்தினாள். அடுத்த பந்தயத்துக்கு விடியற்காலையிலேயே தனியாகப் பாலத்துக்குப் போய், நடுவில் நின்று காற்றைப் பார்த்தாள். குட்டை ரிம் போதும் என்று முடிவு செய்தாள். பந்தயம் தொடங்குவதற்குள் காற்று அடங்கிவிட்டது. மூன்றாவதாகத்தான் வந்தாள், அதற்காக வருத்தப்படவில்லை.

கணவனோடு பேச்சுவார்த்தை இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. சைக்கிளை மட்டும் அவனைத் தொட விடுவதில்லை. ஒருநாள் அவன் ஸ்பேனரை எடுத்தபோது, "வச்சிடுங்க" என்றாள். வைத்துவிட்டான்.