பௌர்ணமிக்கு வாங்கிய மென்பொருள்

கஸ்தூரி மிஸ்ஸுக்கு எதுவும் சட்டென்று பிடித்துவிடாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் அவர் ஏறும் பஸ்ஸில் ஒரு ஜன்னல் கண்ணாடி மூடாது. அதைப் பற்றிக் கண்டக்டரிடம் பேச ஆரம்பித்தால் திருவண்ணாமலை வரும்வரை விடமாட்டார். வேர்க்கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதல் ஆளாக எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர். பிள்ளைகள் அவர் திட்டுவதற்குப் பயப்படுவதில்லை. திட்டாமல் உதட்டை மட்டும் ஒரு பக்கமாகச் சுழிப்பார், அதற்குத்தான் பயப்படுவார்கள்.

அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அடி அண்ணாமலை பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. அதன் தாளாளர் இருசப்பன் அந்தக் கட்டடத்தை முதலில் கல்யாண மண்டபமாகத்தான் கட்டினார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அது சும்மா கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காமல் பள்ளிக்கூடமாக்கினார். பிளஸ் டூ வகுப்பு மணமகன் அறையில் நடக்கிறது. ஆய்வகம் பழைய சமையல்கட்டில். அமிலக் குடுவைகளை வடை போட்ட மேடையில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கஸ்தூரி மிஸ் சேர்ந்த புதிதில் அங்கே மூக்கைச் சுளித்து, "சார், இன்னும் சாம்பார் வாசனை வருது" என்றார். "நல்ல ராசியான எடம் டீச்சர், எத்தனை கல்யாணம் நடந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னார் இருசப்பன்.

அந்தப் பள்ளிக்குப் பௌர்ணமிதான் தலைவலி. பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்ற வருவார்கள். பாதையில் வண்டி விடமாட்டார்கள். பள்ளி வேன் வர முடியாது, அதனால் லீவு. மாதம் தவறாமல் ஒரு நாள் போகிறதே என்று இருசப்பன் புலம்பிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் படிப்பு போகிறதே என்பதைவிட, ஊருக்குள் இருக்கும் மற்றப் பள்ளிகள் அதைச் சொல்லியே பெற்றோரை இழுக்கின்றனவே என்பதுதான் அவருடைய புலம்பல்.

அந்தப் புலம்பல் எப்படியோ சென்னை வரைக்கும் போயிருக்க வேண்டும். கழுத்தில் பட்டையும் அடையாள அட்டையுமாக கோபி என்ற விற்பனையாளர் வந்து இறங்கினார். இணையவழிப் பாடம் நடத்தும் மென்பொருள் ஒன்றை விற்க வந்திருந்தார். திறந்ததும் ஒரு ராக்கெட் புகை விட்டுக்கொண்டு கிளம்பும். அதனால் ஆசிரியர்கள் அதை ராக்கெட் என்றே கூப்பிட்டார்கள்.

"பௌர்ணமின்னா இன்னா சார்? பசங்க வீட்ல இருந்தே நேரலையில கிளாஸ் அட்டென்ட் பண்ணுவாங்க. நீங்க ஊர்லயே ஃபர்ஸ்ட்" என்றார் கோபி.

செய்முறை காட்ட இருசப்பன் ஒரு அமாவாசையைத் தேர்ந்தெடுத்தார். நல்ல காரியத்தை நிறைந்த அமாவாசையில் தொடங்குவதுதானே வழக்கம். அன்று ஊர் காலியாகக் கிடந்தது. கிரிவலப் பாதையில் நாய்கள் படுத்துத் தூங்கின. செல்போன் கோபுரத்துக்கு வேலையே இல்லை. ராக்கெட் ஒரு நொடியில் கிளம்பியது. படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. முகப்பில் இருசப்பனின் புகைப்படம் சுழன்று வந்து, கும்பிட்டபடி நின்றது.

அதைப் பார்த்ததும் இருசப்பன் முடிவு செய்துவிட்டார் என்பது கஸ்தூரி மிஸ்ஸுக்குப் புரிந்துவிட்டது. மற்ற ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் கிடைத்தது. விளையாட்டு சாருக்கு, இலவசமாக வந்த பனியன். தலைமையாசிரியைக்கு, வெளிநாட்டுப் பிள்ளைகளும் இதில்தான் படிக்கிறார்கள் என்று கோபி சொன்ன ஒரு வார்த்தை. பாடம் எப்படி இருக்கிறது என்று யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நெட் இல்லைன்னா ஓடுமா?" என்று கேட்டார் கஸ்தூரி மிஸ்.

"நெட் இல்லாம எப்படி மேடம் ஓடும்?" கோபி சிரித்தார். விளையாட்டு சாரும் சேர்ந்து சிரித்தார்.

"பழைய போன்ல?"

"கொஞ்சம் ராம் ஜாஸ்தி வேணும் மேடம்."

"அந்த நேரத்துல போன் புள்ள கையில இருக்காது. அப்பாவோட ஆட்டோவுல போயிருக்கும். அப்புறமா பாக்கலாமா?"

"நேரலைக்கு வரலைன்னா ஆப்சென்ட் மேடம். அதான் இதுல ஸ்பெஷலே. வருகைப்பதிவு தானா விழும். யாரும் ஏமாத்த முடியாது."

இருசப்பனின் முகம் மலர்ந்தது. பிளஸ் டூவில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் வைப்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு நன்றாகப் பாடம் நடத்துவது ஒரு வழி. தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்பே டிசி கொடுத்து அனுப்புவது இன்னொரு வழி, செலவும் கம்மி. அதற்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, ராக்கெட் அதைக் கொடுத்துவிட்டது. இரண்டு பௌர்ணமி ஆப்சென்ட் ஆனால் டிசி என்று அன்றே சுற்றறிக்கை போட்டார். இரண்டு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது பௌர்ணமியன்று மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

கஸ்தூரி மிஸ் இணையவழிப் படிப்புக்கு எதிரி இல்லை. கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பிலேயே ஒரு வருடம் ஓட்டியவர் அவர். மாறன் என்று ஒரு மாணவன். பேச்சு திக்கும், அதனால் வகுப்பில் வாயே திறக்கமாட்டான். அந்த வருடம் அவனிடமிருந்து குரல் பதிவில் சந்தேகங்கள் வந்துகொண்டே இருந்தன. பிடிக்கும்வரை அழித்து அழித்துப் பேசிவிட்டுத்தான் அனுப்புவானாம். புரியாத பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டானாம். வகுப்பில் ஒரே பாடத்தை நாலு தரம் நடத்தச் சொன்னால் கஸ்தூரி மிஸ்ஸே கடித்து வைப்பார். போன் சலித்துக்கொள்ளாது. அந்த நன்மை அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ராக்கெட்டைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

முதல் பௌர்ணமி வந்தது. வீட்டிலிருந்தே வகுப்பு என்பது பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிட, கஸ்தூரி மிஸ் அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, வியர்வை வழிய மணமகன் அறைக்கு வந்து சேர்ந்தார். அந்த நடையிலேயே அவருக்குப் பாதி கிரிவலம் முடிந்திருந்தது.

ராக்கெட் கிளம்பவில்லை. புகையோடு நின்றது. ஒரு வட்டம் சுற்றியது. ஊரே மலையைச் சுற்றும்போது அது மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் கஸ்தூரி மிஸ். வந்திருந்த அத்தனை லட்சம் பேரும் போனைத் தூக்கிக்கொண்டுதானே நடக்கிறார்கள். வெகுநேரம் கழித்து சில முகங்கள் வந்தன. எல்லாம் தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள். ஒருவன் கேமராவை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு எங்கோ போயிருந்தான். ஒரு வெள்ளாடு வந்து திரையை முகர்ந்து பார்த்தது. அவனுக்கு வருகைப்பதிவு விழுந்தது.

"கவிநிலா, கேக்குதா?" என்றார். திரையில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பினார். பள்ளியின் கேட்டுக்கு நேர் எதிரே, பாதையின் அந்தப் பக்கம், கன்னியம்மாளின் மோர்க்கடை. பௌர்ணமிக்கு மட்டும் போடும் தள்ளுவண்டிக் கடை. கன்னியம்மாள் டம்ளரில் மோர் ஊற்ற, அவர் மகள் கவிநிலா வெள்ளரிக்காயை நறுக்கி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தாள். பானைக்கு அடியில் வேதியியல் புத்தகம் எட்டிப் பார்த்தது. கஸ்தூரி மிஸ் ஜன்னலில் நிற்பதைப் பார்த்து, கத்தியோடு கையைத் தூக்கி, "வணக்கம் மிஸ்!" என்று கத்தினாள்.

கத்தியது தெளிவாகக் கேட்டது. திரையில் அவள் பெயருக்கு நேரே சிவப்பாக ஆப்சென்ட் என்று விழுந்தது.

மறுநாள் கஸ்தூரி மிஸ் தாளாளர் அறைக்குப் போனார். கதவில் மணமகள் அறை என்ற பழைய பலகை இன்னும் தொங்கியது.

"சார், அந்தப் பொண்ணு நம்ம கேட்டுக்கு எதிர்லயே நிக்கிறா. பௌர்ணமில ஒரு மணி நேரம் மேல வந்து உக்காரட்டும். அவங்க அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அப்ப ஆன்லைன் எதுக்கு டீச்சர்? எல்லாருக்கும் ஒரே ரூல்."

"கெமிஸ்ட்ரில அவதான் சார் ஃபர்ஸ்ட் மார்க்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. இன்னொரு தபா வரலைன்னா டிசிதான்." சொல்லிவிட்டு, பேனருக்கான மாதிரிப் படங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

கஸ்தூரி மிஸ் உதட்டைச் சுழித்தார். அது இருசப்பனிடம் வேலை செய்யவில்லை. வருடத்தின் நடுவில் டிசி வாங்கினால் கவிநிலாவை எந்தப் பள்ளியும் பிளஸ் டூவில் சேர்க்காது. டுடோரியல்தான், இல்லாவிட்டால் மோர்க்கடைதான். ஒரு ராக்கெட் பொம்மை அதைத் தீர்மானிக்கிறதே என்று அவருக்கு ஆறவில்லை. போகிற போக்கில் ஒன்றை மட்டும் சொல்லிவைத்தார்.

"கையெழுத்துப் போடுற அன்னிக்கு நேரலை கிளாஸ்ல நீங்களும் கூட உக்காருங்க சார். தாளாளர் முகம் தெரிஞ்சா பசங்களுக்கு ஒரு பயம் இருக்கும்."

முகம் தெரியும் என்றதும் இருசப்பன் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது பௌர்ணமியன்று அவர் பட்டு வேட்டி கட்டி வந்தார். பக்கத்திலேயே இருப்பதால் நடந்து வந்த சில பெற்றோரையும் உட்கார வைத்திருந்தார். கோபி பேனாவும் ஒப்பந்தமுமாகத் தயாராக இருந்தார். பெரிய திரை போட்டிருந்தார்கள். அதில் அந்த வட்டம் மட்டும் சுற்றியது. இருசப்பனின் புகைப்படம் பாதி வந்து, நெற்றியோடு நின்றுவிட்டது.

"டவர் இஷ்யூ சார்" என்றார் கோபி. "பிரீமியம் பிளானுக்குப் போயிட்டா..."

"பிரீமியத்துல கூட்டம் கலைஞ்சிடுமா?" என்று கேட்டார் கஸ்தூரி மிஸ்.

மின்விசிறி காற்றையும் மீறி வியர்த்தது. சுற்றும் வட்டத்தைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் தொண்டை வறண்டது. "வாங்க சார், அது வர்றதுக்குள்ள மோர் குடிச்சிட்டு வந்துடலாம்" என்று கஸ்தூரி மிஸ் முன்னால் நடந்தார். இருசப்பனும் கோபியும் பின்னாலேயே இறங்கினார்கள், இரண்டு பெற்றோரும் கூட.

கன்னியம்மாள் ஆளுக்கொரு டம்ளர் நீட்டினார். கோபி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காசு அனுப்பப் போனை எடுத்து வண்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்துக்கு நேரே பிடித்தார். அதிலும் ஒரு வட்டம் சுற்றியது. கையை உயரத் தூக்கினார். தள்ளிப் போய் நின்று பார்த்தார். சுற்றிக்கொண்டே இருந்தது.

"துட்டா குடு சாமி" என்றார் கன்னியம்மாள். "பௌர்ணமில போன் எங்க ஓடுது? காலைலேர்ந்து நாலு பேரு 'போயிடுச்சு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு எதுவும் வரல."

கோபியிடம் சில்லறை இல்லை. பெற்றோரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருசப்பன்தான் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கவனித்தார்.

"நீ எந்த ஸ்கூல்மா?"

கவிநிலா கத்தியாலேயே காட்டினாள். "எதிர்ல இருக்கே சார், அதான்."

"கிளாஸ் நடக்குதே இப்ப?"

"நடக்குதா சார்? மிஸ் இங்க நிக்கிறாங்களே?"

இந்தத் தடவை எல்லோருமே சிரித்துவிட்டார்கள். டம்ளரோடு நின்றிருந்த யாரோ ஒரு வெளியூர்க்காரரும் சிரித்தார்.

"சார், நீங்க டிசி குடுக்கப்போற பொண்ணு இவதான்" என்றார் கஸ்தூரி மிஸ். குரலை அவர் குறைக்கவில்லை. "இப்ப நீங்க அவ கையால மோர் குடிச்சிட்டீங்க. மேல ஆப்சென்ட்னு விழுந்திருக்கும். விழுறதுக்கும் நெட் இருந்தாதான்."

கன்னியம்மாள் ஊற்றிக்கொண்டிருந்த மோர் டம்ளரைத் தாண்டி வழிந்தது. "டிசியா? இன்னா சார் சொல்றாங்க மிஸ்ஸு? எம்பொண்ணு இன்னா பண்ணா?"

இருசப்பன் பெற்றோரின் முகத்தைப் பார்த்தார். அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு பேரும் இதை எத்தனை வீட்டில் சொல்வார்கள் என்று மட்டும்தான் கணக்குப் போட்டார்.

"டிசியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. மிஸ் சும்மா சொல்றாங்க. உம் பொண்ணு இங்கதான் படிப்பா, போதுமா?" என்றவர் கோபியிடம் திரும்பி, "பேனாவை உள்ள வைங்க தம்பி" என்றார். மேலே போகும் வழியில் கஸ்தூரி மிஸ்ஸிடம் முனகினார். "நீங்களே ஒண்ணு பாத்து எடுத்துத் தொலைங்க. ஆனா என் போட்டோ வரணும்."

கஸ்தூரி மிஸ் தேட ஆரம்பித்தார். எந்த விற்பனையாளர் வந்தாலும் முதலில் நெட்டை அணைத்துவிட்டு, பாடத்தைப் போடச் சொன்னார். பாதிப் பேர் அங்கேயே கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் கன்னியம்மாளின் கீறல் விழுந்த போனைக் கொடுத்து, "இதுல காட்டுங்க" என்றார். பாடம் எந்த மொழியில் இருக்கிறது, பிள்ளை கேள்வி கேட்டால் யாருக்குப் போகும், எங்கள் பிள்ளைகளின் நம்பரை வேறு யாருக்காவது கொடுப்பீர்களா என்று கேட்டார். கையெழுத்துக்கு முன்னால் ஒரு முழு பௌர்ணமி ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். ஒருவர், "மேடம், பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்றார். "அதனாலதான் பாதிக் கல்யாணம் உருப்படறதில்ல" என்றார் இவர்.

கடைசியில் கிடைத்தது பார்க்க அசிங்கமாக இருந்தது. ராக்கெட் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். முந்தின நாளே பாடம் சின்னச் சின்ன ஒலிப்பதிவாக, தமிழில், போனுக்குள் இறங்கிக்கொள்ளும். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளை எழுதுகிற விடையும் பேசுகிற சந்தேகமும் உள்ளேயே இருந்து, சிக்னல் வந்ததும் கிளம்பும். வருகைப்பதிவை ஆசிரியர்தான் போட வேண்டும். அதன் மூலையில் கடுகளவில் இருசப்பனின் புகைப்படம் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, பௌர்ணமியிலும் பாடம் தரும் ஒரே தாளாளர் என்று கேட்டில் தன் ஆளுயரப் படத்தோடு பேனர் கட்டிக்கொண்டார். கன்னியம்மாளின் கடைக்கு அதனால் கொஞ்சம் நிழல் கிடைத்தது. அந்த மனிதரால் ஊருக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான் என்பார் கஸ்தூரி மிஸ்.

அடுத்த பௌர்ணமி முடிந்த காலை, பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவருடைய போன் விடாமல் ஒலித்தது. கூட்டம் கலைந்து, அடைபட்டிருந்த சந்தேகங்களெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. முதலில் இருந்தது கவிநிலாவின் குரல்.

"மிஸ், பால் ஒரு பால்மம்னு சொல்லியிருக்கீங்க. மோரும் பால்லேர்ந்துதானே வருது? பால் அப்படியே இருக்கு, மோர் மட்டும் ஏன் கொஞ்ச நேரம் வெச்சா தண்ணி தனியா மேல நிக்குது? காலைலேர்ந்து கலக்கிக் கலக்கிக் கை வலிக்குது மிஸ். அண்ணா, மொளகாத்தூள் போடவா? அம்மா, அந்த டம்ளரு அவரோடது..."

கஸ்தூரி மிஸ் உதட்டைச் சுழித்தார். பதிவு பொத்தானை அழுத்தினார். "அதான் நாளைக்கு நடத்தப் போறேனே, அதுக்குள்ள உனக்கு இன்னா அவசரம்?" என்று ஆரம்பித்தார். பிறகு பாலில் இருக்கும் புரதம் கொழுப்புத் துளிகளை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது, புளிப்பு ஏறினால் அந்தப் புரதம் எப்படித் திரிகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். மூடாத ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் முன் பக்கம் நகர்ந்துகொண்டார்.